ரணதீரரும் ஐந்து வேட்டைக்குட்டிகளும்

வெகு காலத்துக்கு முன்னே காட்டரண் என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் கனகசிங்க பூபதி. காலையில் ஒன்று சொல்வான், வெயில் ஏறுவதற்குள் அதையே மாற்றிச் சொல்வான். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும். தலையாட்டுவதில் எல்லோரையும் முந்தியவர் வேட்டைத் தலைவர் ரணதீரர். பட்டுத் தலைப்பாகை, முறுக்கு மீசை, இடுப்பில் மூன்று கத்தி. காட்டுப்பன்றியை அவர் அருகில் பார்த்ததெல்லாம் அது இலையில் கறியாக வந்தபோதுதான்.

அரண்மனை நாய்க்கொட்டிலைப் பார்த்துக்கொண்டவள் இருளாயி. ஒரு வேட்டையில் ராஜா பன்றியிடம் சிக்கிக்கொண்டபோது அவள் வளர்த்த நாய்கள்தான் அவனைக் காப்பாற்றின. அதிலிருந்து சபையில் வாய் திறக்கும் உரிமை அவளுக்கு உண்டு. ரணதீரருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். இருளாயிக்கோ அவரைப் பார்த்தாலே இளக்காரம்.

அந்த வருஷம் ராஜாவின் செல்ல வேட்டைநாய் ஐந்து குட்டி போட்டது. இரண்டு மாதம் ஆனதுமே ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. குட்டிகளை எப்போது வேட்டைக்குப் பழக்கத் தொடங்கலாம் என்று சபையில் கேட்டான்.

ரணதீரர் முந்திக்கொண்டார். நாளைக்கே காட்டுப்பன்றிக்கு முன்னால் விட்டுவிடலாம் என்றார். புலிக்குட்டிக்கு யார் பாடம் நடத்தினார்கள், வீரம் ரத்தத்தில் வருவது என்றார். தம் பரம்பரையில் ஏழு தலைமுறையாக யாரும் வேட்டை பழகியதே இல்லை, பிறக்கும்போதே தெரியும் என்று சொல்லி மீசையை நீவிக்கொண்டார். ராஜாவுக்கு ரத்தப் பேச்சு என்றால் பாயசம் குடித்த மாதிரி.

இருளாயி முன்னால் வந்தாள். போன வருஷமும் இதே மனிதர் பேச்சைக் கேட்டுத்தான் பால்பல் விழாத நான்கு குட்டிகளைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று அங்கேயே குடல் சரிந்து செத்தது, அவள்தான் புதைத்தாள். மற்ற மூன்றும் இன்றைக்கும் பன்றி வாடை அடித்தால் மூலையில் போய் நடுங்கி நிற்கின்றன. அதைச் சபையில் எடுத்துச் சொன்னாள்.

"வளர்த்தவள் பயங்கொள்ளி, பிரபு," என்றார் ரணதீரர். "குட்டிகள் வேறெப்படி இருக்கும்?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். நாளைக் காலை அரண்மனை முற்றத்துக்குக் கூண்டில் காட்டுப்பன்றி வர வேண்டும், கொண்டுவருவது இருளாயி பொறுப்பு, தவறினால் அவள் நாட்டை விட்டே போக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

கெஞ்சினால் இவர்களுக்கு இன்னும் சிரிப்புத்தான் வரும் என்று இருளாயிக்குத் தெரியும்.

"கொண்டுவருகிறேன், மகாராசா," என்றாள். "ஆனால் குட்டிகள் தமக்கு முன்னால் போகிறவரைப் பார்த்துத்தான் பாயப் பழகும். ஏழு தலைமுறை ரத்தம் ஓடுகிற ஐயா ஈட்டியோடு கூண்டுக்கு முன்னால் நிற்கட்டுமே. அதைவிட நல்ல பாடம் அவற்றுக்குக் கிடைக்குமா?"

ராஜா தொடையைத் தட்டி ஆமோதித்தான். ரணதீரர் முகத்தில் மீசையைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. நாளைக்குத் தமக்கு விரதம் என்று முனகிப் பார்த்தார். விரதக்காரர் நிற்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை என்றான் ராஜா.

மறுநாள் காலை வண்டியில் கூண்டு வந்தது. மேலே கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தது. உள்ளிருந்து இடி இடிப்பதுபோல ஓர் ஓசை, அதன் நடுவே உறுமல். ஆட்கள் நான்கு பேர் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். ராஜா மேடையில் உட்கார்ந்திருந்தான். ரணதீரர் ஈட்டியோடு முன்னால் நின்றார். இருளாயி குட்டிகளைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு கூண்டுக் கதவின் கயிற்றை இழுத்தாள்.

கதவு கிறீச்சிட்டதுதான் தாமதம். ஈட்டி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். ரணதீரர் மேடைப் படிகளில் தாவி ஏறி ராஜாவின் சிம்மாசனத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

கூண்டிலிருந்து வெளியே வந்தது முழங்கை நீளத்தில் ஒரு பன்றிக்குட்டி. முதுகில் கோடுகூட இன்னும் மறையவில்லை. நாய்க்குட்டிகள் அதைச் சூழ்ந்து மோந்து பார்த்தன. அது முட்டியதில் ஒன்று கத்திக்கொண்டு இருளாயியிடம் ஓடிவந்தது. அவள் தடவிக் கொடுத்ததும் திரும்பப் போய் மோந்தது.

ராஜாவின் முகம் கடுத்தது. "நான் கேட்டது காட்டுப்பன்றி."

"இதுவும் காட்டுப்பன்றிதான், மகாராசா. நம்ம குட்டிகளுக்கு என்ன வயசோ அதே வயசு. பெரிய பன்றியை ஐயா சத்தத்திலேயே பார்த்துவிட்டாரே."

ஆட்கள் கம்பளியை விலக்கிக் காட்டினார்கள். கூண்டுக்குள் ஒரு பெரிய வெண்கல அண்டா படுக்கவைத்திருந்தது. பன்றிக்குட்டி அதற்குள் புகுந்து முட்டி விளையாடியதுதான் அத்தனை இடியும். ராஜா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தான். நேற்று இருளாயியைப் பார்த்துச் சிரித்த சபை இன்று அதே வாயால் ரணதீரரைப் பார்த்துச் சிரித்தது.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் ராஜா நிஜமாகக் கேட்டான்: எப்போது தொடங்குவது?

"பேர் சொன்னால் வரணும், விடு என்றால் விடணும். அதை இன்றைக்கே தொடங்கலாம்," என்றாள் இருளாயி. "எட்டு மாசத்தில் பெரிய நாய்களோடு ஓடட்டும். ஒன்றரை வயசுக்கு முன்னால் பெரும்பன்றி முகத்தில் விழிக்கக் கூடாது. எலும்பு முற்றணும், மனசும் முற்றணும். பயத்தில் ஒருதரம் உடைந்த நாயை என்னாலும் ஒட்டவைக்க முடியாது."

ராஜா கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டான். வேறென்ன வேண்டும் என்று கேட்டான். தன்னைக் கேட்காமல் கொட்டிலுக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது, மகாராசாவும் சேர்த்து, என்றாள். ராஜாவின் புருவம் உயர்ந்தது, ஆனாலும் சரி என்றான். பிறகு சிம்மாசனத்துக்குப் பின்னால் திரும்பி, ரணதீரரும் நாளை முதல் குட்டிகளோடு கொட்டில் முற்றத்தில் நிற்க வேண்டும், இருளாயி பேர் சொன்னால் வர வேண்டும் என்று உத்தரவிட்டான்.

பத்தே நாளில் ஐந்து குட்டிகளும் பேர் கேட்டதும் ஓடிவரப் பழகிவிட்டன. ஒன்றரை வருஷம் கழித்து முதல் வேட்டைக்கு ஐந்தும் போயின, ஐந்தும் திரும்பின. புறப்படுகிற அன்று ரணதீரரையும் வாசலில் நின்று மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை.