தட்டினால் நிற்கும் வல்லூறு

குளக்கரை வேலமரத்தில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவிக்குக் காலையிலிருந்தே ஒரு சந்தேகம். கீழே புதர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் படிக்கின்றன. ஆனால் சத்தமே இல்லை!

'இதுங்க ஏழும் சேர்ந்தா காடே காதைப் பொத்திக்குமே! இன்னைக்கு என்ன கப்சிப்? எங்கேயோ இடிக்குதே!'

எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கத்தும் குறும்புக்காரன் அவன். அன்று மட்டும் சத்தமில்லாமல் கீழ்க்கிளைக்கு இறங்கினான்.

குஞ்சுகளின் நடுவே ஒரு டேப்லெட்! சுற்றுலா வேனிலிருந்து குரங்கு பிடுங்கி வந்து போட்டது. திரையில் ஒரு வல்லூறு இறக்கையை விரித்துப் பாய்ந்தது. குண்டுமணி என்ற குஞ்சு அலகால் 'டொக்'கென்று தட்டினாள். வல்லூறு நடுவானில் நின்றுவிட்டது! எல்லாம் சிரித்தன. மறுபடி தட்டினாள். படம் ஓடி முடிந்தது.

"குட்டிச் செல்லங்களே! வல்லூறைப் பற்றிப் புரிந்ததா?" என்று தேன் ஒழுகக் கேட்டது டேப்லெட்.

"புரிஞ்சுதூஊ!" ஏழும் ஒரே ராகம்.

ஆசிரியை செம்பாயி ஓரமாகக் கண்ணை மூடிச் சொக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, நிஜமாவே புரிஞ்சிருக்கா?" என்றான் கரிச்சான்.

"ஏண்டா, உனக்கு எதுலதான் சந்தேகமில்லை? ஒரே நாள்ல பாடம் முடிஞ்சுபோச்சு!"

"குட்டிச் செல்லங்களே! டீச்சர் தூங்கியது புரிந்ததா?" என்று டேப்லெட் குரலிலேயே இழுத்தான் அவன்.

"போடா அந்தப் பக்கம்!"

போனான். புதருக்குப் பின்னால் மறைந்துகொண்டு, வல்லூறின் குரலில் அலறினான். "கிக்கீ! கிக்கீ!"

ஒரு குஞ்சுகூட ஓடவில்லை! ஏழும் கழுத்தை நீட்டிக் காற்றைக் கொத்தின.

"தட்டுடி, குண்டுமணி! நிக்கமாட்டேங்குது!"

"நல்லாத்தான் தட்டுறேன்!"

செம்பாயிக்குத் தூக்கம் பறந்தது. "ஐயோ! நாளன்னைக்கு இதுங்க தனியா இரை தேடப் போகணுமே! நிஜ வல்லூறு வந்தா ஏழும் இப்படியேதானே நிக்கும்!"

"அந்தப் பெட்டியைக் குளத்துல தள்ளிடவா?"

"வேண்டாம்டா. அது காட்ட வேண்டியதைக் காட்டுச்சு. கேட்க வேண்டியதை நான்தான் கேட்கலை."

மறுநாள் வல்லூறு பாயும்போது செம்பாயியே படத்தை நிறுத்தினாள்.

"நிழல் எந்தப் பக்கம் விழுது? கிட்ட இருக்கிற முள்புதர் எது? குண்டுமணி, நீ சொல்லு!"

குண்டுமணி திருதிருவென்று விழித்தாள். பிறகு திரையை உற்றுப் பார்த்துச் சொன்னாள். உடனே டேப்லெட்டை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். கரிச்சான் வல்லூறாகக் கத்தினான். குஞ்சுகள் புதருக்குள் ஓடின. பத்து தடவை கத்தினான். பத்து தடவை ஓடின.

மூன்றாம் நாள் ஏழும் திறந்தவெளியில் இரை கொத்திக்கொண்டிருந்தன. கரிச்சான் வாய் நிறைய வெட்டுக்கிளி. திடீரென்று, "கிக்கீ!"

'நான் கத்தலையே!' வெட்டுக்கிளியைக் கீழே போட்டுவிட்டு அவன் அண்ணாந்து பார்த்தான்.

வானத்திலிருந்து ஒரு நிழல் சர்ரென்று விழுந்தது. ஏழு குஞ்சுகளும் முள்புதருக்குள் பாய்ந்தன. வல்லூறின் நகத்தில் குண்டுமணியின் ஒற்றை வால் இறகு மட்டும் மாட்டியது. வல்லூறு எரிச்சலோடு பறந்துபோனது.

புதருக்குள்ளிருந்து குண்டுமணி எட்டிப் பார்த்தாள். "கரிச்சான் மாமா! இன்னைக்குத்தான் நிஜ வல்லூறு மாதிரியே கத்தினீங்க! ஆனா, இறகைப் பிடுங்குறதெல்லாம் ரொம்ப ஓவர்!"

திரையில் கண்டதைக் கேள்வி கேட்டு, செய்து பார்க்க வைத்தால்தான் அது பாடம். இல்லையென்றால் வெறும் வேடிக்கை.