அந்திமுரசுக்குப் பிறகு

“நம்ம ராஜா நீதி தவற மாட்டாருடி.”

“அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

ஆற்றோரம் துணி பிழிந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். பின்னால் போன கிழவரைத் திரும்பிப் பார்த்தார்கள்; அடையாளம் தெரியவில்லை. குருவைப் பார்க்கப் போகும் நாளில் முடியும் குடையும் செருப்பும் அரண்மனையிலேயே தங்கிவிடும். அரசர் கொற்றவேள் வெறுங்காலோடு தனியே நடந்துபோவார்.

முதல் பெண் சொன்னது பாராட்டு. இரண்டாமவள் சொன்னது என்ன? அதை யோசித்தபடியே நடந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் வெள்ளம், சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. குரு நங்கையடிகளின் குடிலை அடைந்தபோது உள்ளே விளக்கு ஏற்றியாகிவிட்டது. வேலி வாசலை அடைக்கும் முட்படல் இறுகக் கட்டிக் கிடந்தது. விளக்கு ஏற்றிய பிறகு விடியும்வரை அதை அவிழ்ப்பதில்லை. அரசருக்கும் அது தெரியும்.

தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

“யாரது?”

“நான்தான் அடிகளே.”

“நான்தான் என்றால்?”

“கொற்றவேள்.”

“கூட யார்?”

“யாருமில்லை. மழைதான்.”

கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

அடிகள் அவரைவிட இருபது வயது இளையவர். தலை துவட்டத் துணி கொடுத்தார். சூடாகக் கொள்ளுக் கஞ்சி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

“நாளைக் காலையில் ஒருவனுடைய கையை வெட்டச் சொல்ல வேண்டும்” என்றார் அரசர்.

“எந்தக் கை?”

“வலது கை. வெள்ளன் என்று ஒரு கோட்டைக் காவலன். அந்திமுரசு கொட்டிய பிறகு கதவைத் திறந்துவிட்டான். உப்பு விற்கும் பெண் ஒருத்திக்காக. இருவருக்கும் காதலாம்.”

“அந்தச் சட்டம் யார் போட்டது?”

“நான்தான். பதினொரு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் யாரோ முரசுக்குப் பிறகு கதவைத் திறந்தார்கள். கொள்ளையர் புகுந்தார்கள். என் தம்பி அன்றைக்குத்தான் செத்தான்.”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என் பாட்டனாரைப் பற்றிப் பாணர்கள் பாடுவது உங்களுக்குத் தெரியுமே அடிகளே. அவர் மகளைக் காதலித்தவன் அந்தப்புர மதிலேறினான். அவனை யானைக்காலில் இட்டார். மகள் தீயில் விழுந்தாள். கண்ணில் நீர் வழிய அரியணையில் அசையாமல் இருந்தாராம். நீதி வழுவாத பெருங்கோ என்று இன்னும் பாடுகிறார்கள். பெற்ற மகளுக்கே இரங்காத வம்சம். நான் ஒரு காவலனுக்கு இரங்கலாமா?”

“நல்ல பாட்டு. அதில் பெருங்கோ அவர்களிடம் என்ன கேட்டார்?”

“யாரிடம்?”

“மதிலேறியவனிடம். மகளிடம்.”

அரசர் பாட்டை வாய்க்குள்ளேயே முதலிலிருந்து முனகிப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று.

“கேட்டதாகப் பாட்டில் இல்லை.”

“பாட்டு நீளம்தானே?”

“மூன்று நாழிகை பாடுவார்கள்.”

அடிகள் கஞ்சிக் கலயத்தைக் கழுவப் போனார். அரசருக்குச் சுருக்கென்றது.

“நீங்கள் மட்டும் என்ன? விளக்கு ஏற்றினால் படலைத் திறப்பதில்லை என்பது உங்கள் சட்டம். இன்று திறந்தீர்களே!”

“அது நரிக்காகக் கட்டிய படல்.”

“வந்தது நரியில்லை என்று எப்படித் தெரியும்?”

“கேட்டேனே” என்றார் அடிகள்.

மறுநாள் சபை கூடியது. அங்கே குற்றத்தை ஓலையில் எழுதிப் படிப்பார்கள். குற்றவாளி பேசும் வழக்கமில்லை. வாள்காரன் தயாராக நின்றான். உப்புக்காரப் பெண் நாகி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். ஓலை படிப்பவரைக் கையமர்த்திவிட்டு அரசர் கேட்டார்:

“வெள்ளா, வெளியே குரல் கேட்டதும் நீ என்ன செய்தாய்?”

தன்னிடம்தான் கேட்கிறார் என்று புரிய வெள்ளனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“யாரென்று கேட்டேன் அரசே. நாகி என்றாள். கூட யார் என்றேன். இரண்டு மாடும் கரைகிற உப்பும் என்றாள். மதிலேறி மின்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அப்புறம்தான் திறந்தேன்.”

யாரோ சிரித்தார்கள். அமைச்சர் சிரிக்காமல் கேட்டார்:

“வேறொருத்தி கூப்பிட்டிருந்தால் இத்தனையும் கேட்டிருப்பாயா?”

வெள்ளன் நாகியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“மாட்டேன் ஐயா. முரசு கொட்டியாச்சு, காலையில் வா என்றிருப்பேன்.”

வாள்காரன் ஓரடி முன்னால் வந்தான். அரசர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, தச்சனைக் கூப்பிட்டார்.

எட்டு நாளில் கோட்டைக் கதவின் நடுவே சின்னக் கதவு ஒன்று வந்தது. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழையலாம், அதுவும் குனிந்துதான். முகம் பார்க்க அதில் ஒரு துளையும் இருந்தது. முரசுக்குப் பிறகு யார் வந்தாலும் கேட்டுப் பார்த்து அதைத் திறக்கலாம் என்று சட்டம் மாறியது.

அன்றைக்கு அந்திமுரசு ஓய்ந்ததும், வெளியே வெறுங்காலோடு நின்றிருந்த கிழவர் அதைத் தட்டினார்.

“யாரது?” என்றது வெள்ளனின் குரல்.

“நான்தான்.”

“நான்தான் என்றால்?”

அரசர் தன் பெயரைச் சொன்னார். கூட யாருமில்லை என்றார். தாழ்ப்பாள் விலகியதும் குனிந்து உள்ளே நுழைந்தார்.