தண்டபாணி போட்ட ஹெட்செட்

கோயம்புத்தூர் கால் சென்டர் ஒன்றில் புது மென்பொருள் வரப்போகிறது என்றார்கள். பேசுவதையெல்லாம் அது பதிவு செய்யும். யாருக்கு எப்போது வேலை என்று அட்டவணையும் போடும். மேலாளர் தண்டபாணி, அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த யாஸ்மினைக் கூப்பிட்டார்.

"ஷிப்ட் முடியறவரைக்கும் ஒருத்தரும் சீட்டை விட்டு எழக்கூடாது. அப்படி அட்டவணை போடு. முடியாதுன்னா வேற வேலை தேடிக்கோ."

யாஸ்மின் தலையாட்டினாள். "போட்டுடலாங்க சார். முதல்ல ஒரு சீட்ல சோதிச்சுப் பார்க்கணுங்க. முதலாளியம்மா முன்னாடி நீங்களே உட்கார்ந்து காட்டினா, அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க?" என்றாள்.

தண்டபாணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை, முதலாளியம்மா சுலோசனா பார்த்திருக்க, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஓயாமல் அழைப்புகள் வந்தன. தொண்டை வறண்டது, தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். அப்புறம் காலை மாற்றி மாற்றிப் போட்டு நெளிந்தார். கடைசியில் வாடிக்கையாளரிடமே, "கொஞ்சம் லைன்ல இருங்கம்மா, அவசரமா பாத்ரூம் போகணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது "அவசரமா பாத்ரூம் போகணும்" என்று அவர் குரலே ஸ்பீக்கரில் கேட்டது.

"பதிவு ஒழுங்கா ஆகுதான்னு பார்த்தேங்க சார்," என்றாள் யாஸ்மின். கூடமே சிரித்தது.

சுலோசனா எழுந்தார். "இடைவேளை விட்டு நீயே அட்டவணையைப் போடும்மா."

யாஸ்மின் பணிவாகத் தண்டபாணி பக்கம் திரும்பினாள். "எத்தனை இடைவேளை விடலாங்க சார்?"

"தாராளமா விடும்மா," என்றார் அவர்.