ஒரு நெல்லளவு குறைந்த இளவரசி

“எந்தப் பெருவிரல், அரசே? வலதா, இடதா?”

“இரண்டும்.”

“ஒன்றையாவது விட்டுவையுங்கள். சோறு பிசைய வேண்டாமா அவன்?”

“விகடத்துக்கு இது நேரமில்லை, மாசாத்தா,” என்றார் அரசர்.

முன்னொரு காலத்தில், இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குளிர்நாட்டை ஆண்டவர் அவர். மாசாத்தன் அவருடைய விகடகவி. அரசரின் ஒரே மகள் கயல்நங்கை, பூமியின் நடுக்கோட்டில் கிடந்த ஒரு தீவுக்கு மருமகளாகப் போய், ஓராண்டுக்குள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அந்நாட்டில் அரச குழந்தைகளைப் பிறந்தநாள்தோறும் எஃகுச் சுருளில் தொங்கும் பலகையில் உட்காரவைப்பார்கள். சுருள் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த இடத்தில் பக்கத்துக் கோலில் கோடு கீறுவார்கள். மகளின் கடைசிக் கோட்டுக்குச் சரியான எடையில் அவளை வெண்கலத்தில் வார்க்கச் சொன்னார் அரசர். ஊரில் நிறுத்தபோது கோட்டில் வந்து நின்றது சிலை. அதையும் அந்தச் சுருள் தராசையும் கப்பலேற்றி, அவள் இறந்த தீவுக்கே வந்தார். இங்கே தொங்கவிட்டபோது, கோட்டுக்கு ஒரு நெல்லளவு மேலேயே நின்றுவிட்டது.

“வழியில் சுரண்டியிருக்கிறான்,” என்றார் கருவூலத்தைக் காக்கும் பண்டார நாயகம் அரிமர்த்தனர். “மாசாத்தன் கூட்டிவந்த ஆள்தானே!” மாசாத்தனுக்கு அரசர் பக்கத்தில் இருக்கை கிடைத்த நாளிலிருந்து நாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சிலையை வார்த்து, வழியெல்லாம் காவலிருந்த இளம்பூதன் கைகள் கட்டப்பட்டு மணலில் நின்றான். காவலில் இருந்த பொருள் குறைந்தால் காவலனின் பெருவிரல்கள் போகும். அதுதான் சட்டம்.

“தராசைச் சோதிக்கும் இரும்புக் குண்டையும் ஒருமுறை தொங்கவிடலாமே, அரசே?” என்றான் மாசாத்தன்.

“தாராளமாக! அது என் பூட்டில், என் சாவியில் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு கை பட்டதில்லை,” என்றார் அரிமர்த்தனர்.

“அதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், நாயகமே. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை.”

குண்டைத் தொங்கவிட்டார்கள். அதுவும் தன் கோட்டுக்கு மேலேயே நின்றது.

“அடடா, இரும்பையா தின்றீர்கள்? பல் வலிக்கவில்லையா?” மாசாத்தன் அரசர் பக்கம் திரும்பினான். “முதலில் நாயகத்தின் பெருவிரல்கள், அரசே. காவல் அவருடையது, குண்டு குறைந்திருக்கிறது.”

அரிமர்த்தனர் இரண்டு பெருவிரல்களையும் அக்குளில் ஒளித்துக்கொண்டார். அரசர் சிரித்துவிட்டார். மகள் இறந்த செய்தி வந்தபின் முதல் சிரிப்பு. அது எங்கே நிற்பதென்று தெரியாமல் கண்ணீரில் போய் முடிந்தது.

“யாரும் திருடவில்லை, அரசே,” என்றான் மாசாத்தன் மெதுவாக. “பூமி குயவன் சக்கரம் போலச் சுற்றுகிறது. சக்கரத்தின் நடுவில் வைத்த மண் அப்படியே கிடக்கும். விளிம்பில் வைத்தது வெளியே பறக்கப் பார்க்கும். நம் நாடு அச்சுக்குக் கிட்டே. இந்தத் தீவு விளிம்பு. இங்கே எல்லாமே கொஞ்சம் கனம் குறைந்துதான் இருக்கும். நம் ஊசல் கடிகாரம் இங்கே வந்ததும் பின்தங்கியபோதே சந்தேகப்பட்டேன். கீழே இழுப்பது குறைந்தால் ஊசலும் மெதுவாகத்தானே ஆடும்?”

“அப்படியென்றால் அவளும்...”

“இளவரசியும் இந்த நெல்லளவு குறைந்துதான் இங்கே நடந்திருப்பார்.”

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி மாசாத்தன் கழுத்தில் போட்டார். இளம்பூதனின் கட்டைத் தானே அவிழ்த்தார். பிறகு சிலைக்கு முன்னால் போய் நின்று, இளம்பூதனிடம் கேட்டார்.

“துறைமுகத்தில் கப்பலேறும்போது அவளைப் பார்த்திருக்கிறாய், இல்லையா?”

“பார்த்தேன், அரசே.”

“போகமாட்டேன் என்று அழுதாள். நான்தான் ஏற்றினேன். அந்த முகத்தையே வார்த்திருக்கிறாய்.”

இளம்பூதன் கயிறு பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அரசர் அவன் கைகளைப் பார்த்தார். அந்த இரண்டு பெருவிரல்களைப் பார்த்தார்.

“அந்த வாயோரத்தை மட்டும் கொஞ்சம் சிரிக்கவைத்துத் தருவாயா, அப்பா?”