நனையாத ஓலை

முன்னொரு காலத்தில் நுரையாற்றின் கரையிலே இருந்த நாட்டைப் பரிதிவேலன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒரு மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து பிள்ளைகள் செத்துப்போனார்கள். ராஜா குலுங்கிக் குலுங்கி அழுதான். மறுநாளே, "எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நீச்சல் பாடம்! நாடு முழுக்க ஒரே பாடம்!" என்று முரசறையச் சொன்னான். பாடத்தை எழுதி, ராஜமுத்திரை போட்டு, ஊர் ஊராக ஓலை அனுப்பியவர் கல்வி அதிகாரி தாண்டவராயர்.

இரண்டு வருஷம் போயிற்று. "பிள்ளைகள் எல்லாம் மீன்குஞ்சுகள்தான், மகாராஜா!" என்று சபையில் மார்தட்டினார் தாண்டவராயர்.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்படியானால் திருவிழாவன்று எல்லாரும் அக்கரைக்கு நீந்தட்டும்!"

தாண்டவராயர் எச்சில் விழுங்கினார். அதை மந்திரி நாகைநம்பி பார்த்துவிட்டார். அன்றைக்கே குதிரையேறி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

அங்கே, சுடுமணலில் பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கைகாலை அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் நின்ற வாத்தியார் ஓலையைப் பிடித்தபடி, "வலக்கை முன்னே! இடக்கை பின்னே! மூச்சை அடக்கு!" என்று ராகம் போட்டார். கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆற்றில் இறக்கவில்லையா, ஐயா?"

"மேலிடத்து உத்தரவுங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் மறுபடி ராகத்தைத் தொடங்கினார்.

முதல் மாணவி செவ்வந்தியின் முழங்கையெல்லாம் மணல் உரசிய காயம். இவளையா ஆற்றில் தள்ளப்போகிறார்கள்? ராஜாவிடம் நேரே சொல்லவும் முடியாது. முன்பு ராஜாவின் திட்டம் ஒன்று பலிக்கவில்லை என்று வாய் திறந்த ஒருவர் யானைக்கொட்டிலில் இன்னும் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார்.

திருவிழா வந்தது. கரையெங்கும் பிள்ளைகள். மந்திரி ராஜாவை வணங்கினார்.

"மகாராஜா, முதலில் தாங்களும் தாண்டவராயரும் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். பாடம் தந்தவர்கள் முன்னே போவதுதானே மரியாதை?"

"பேஷ்! காவலுக்கு நிற்கும் நீச்சல்காரர்கள் எங்கே?"

"வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இத்தனை மீன்குஞ்சுகள் இருக்க அவர்கள் எதற்கு? படகில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. மூழ்கினால் பிள்ளைகள் தூக்கிவிடுவார்கள்."

ராஜா சிரித்துக்கொண்டே படகில் காலை வைத்தான். தாண்டவராயர் நகரவில்லை.

"என்ன ஓய், ஏறும்!"

"வேண்டாம் மகாராஜா! இறங்கிவிடுங்கள்! இதுகளுக்கு நீந்தத் தெரியாது!" என்று அலறிவிட்டார் தாண்டவராயர்.

ராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. "தெரிந்தேதானா இவர்களை ஆற்றில் இறக்கச் சம்மதித்தீர்?" ராஜா கரையில் முன்னால் நின்ற செவ்வந்தியிடம் திரும்பினான். "ஏன் குழந்தாய், பக்கத்திலே ஆறு இருந்துமா?"

"ஆத்துல இறங்கினா ஓலை நனைஞ்சிடும் சாமி. பாடம் நடக்குறப்போ ஓலை வாத்தியார் கையிலயே இருக்கணுமாம். ராஜா முத்திரை நனைஞ்சா வாத்தியார் கையை வெட்டிடுவாங்களாம்."

மந்திரிக்கே தூக்கிவாரிப்போட்டது. முத்திரை நனையக் கூடாது என்ற சட்டம் ராஜாவே போட்டது. பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்ட திட்டத்தை அவனுடைய முத்திரையே கரையில் கட்டிப்போட்டிருக்கிறது!

ராஜா தலைகுனிந்தான். அப்புறம் உரக்கச் சொன்னான்: "இனி எல்லா ஓலையும் நனைந்திருக்க வேண்டும்!"

சொல்லி வாய்மூடவில்லை, பக்கத்தில் நின்ற வாத்தியார் கரையிலிருந்தபடியே ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஓலைமேல் ஊற்றினார்.

ராஜா தலையில் கைவைத்துக்கொண்டான். "மந்திரியாரே, இதற்கு நான் என்னதான் செய்வது?"

"ஓலையைப் பார்க்காதீர்கள், மகாராஜா. ஆற்றில் இறங்கிப் பிள்ளைகளைப் பாருங்கள்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். "முதல் மாணவர் வரட்டும்" என்று தாண்டவராயரைக் கைகாட்டினான்.

தாண்டவராயர் தம் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். ஒப்பித்தபடியே இடுப்பளவுத் தண்ணீரில் முங்கிப்போனார். மந்திரிதான் குடுமியைப் பிடித்துத் தூக்கினார்.