வெடித்த பாதங்கள்

மலையடிக் காட்டில் கூரான் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். மரத்தைப் பல்லால் செதுக்கி உருவம் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஒரு நாள் காட்டுச் சபையின் தலைவரான மயில், தோகையார், அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குகைக் கோயிலில் பெருந்தாயின் சிற்பம் ஒன்று வேண்டும், கூரா! அவள் உயிர்விட்ட காட்சி. பூசை மேடைக்கு மேலே வைக்கப் போகிறோம்!"

பெருந்தாய் ஒரு கிழட்டுப் பெண்யானை. பஞ்ச காலத்தில் வறண்ட ஆற்று மணலை ஒன்பது நாள் தோண்டியவள். அவள் எடுத்த தண்ணீரில்தான் காடே பிழைத்தது. தண்ணீர் ஊறிய அன்றே குழியோரம் சாய்ந்தாள்.

அன்று அவள் காலடியில் நின்றவன் கூரான்.

"தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

"வந்துவிட்டது தாயே! குடியுங்கள்!"

"குட்டிகள் முதலில் குடிக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சாய்ந்து கிடந்த வேங்கை மரத்திலிருந்து ஒரு பெரிய பலகையை எடுத்து மூன்று மாதம் செதுக்கினான் கூரான். ஈறெல்லாம் ரத்தம் கசிந்தது. அன்று கண்டதைத் தவிர வேறெதையும் அவனால் செதுக்க முடியவில்லை.

சபை கூடியது. மூடியிருந்த தழைகளை விலக்கினார்கள்.

பலகையில் பெருந்தாய் ஒருக்களித்துக் கிடந்தாள். வயிறு உப்பியிருந்தது. துதிக்கை நுனியில் சேறு. பாளம் பாளமாக வெடித்த பாதங்கள் பார்ப்பவர்களின் முகத்துக்கு நேராக நீண்டிருந்தன.

"என்ன அக்கிரமம் இது!" என்று சீறினார் தோகையார். "தெய்வத்தை வெறும் பிணமாக்கி வைத்திருக்கிறாயே! பூ எங்கே? ஒளி எங்கே?"

"அங்கே பூ இல்லை ஐயா. சேறுதான் இருந்தது."

"இந்தக் காலைப் பார்த்து யார் கும்பிடுவார்கள்? தூக்கி வெளியே போடுங்கள்!"

பலகையைக் குகைக்கு வெளியே, புதரோரம் சாய்த்துவிட்டார்கள். கூரான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். மரங்கொத்தி ஒருவர் வேறு சிற்பம் செய்து கொடுத்தார். அதில் பெருந்தாய் மேகத்தின் மேல் சிரித்தபடி மிதந்தாள். தலையில் பூமுடி. வளைந்த இரண்டு தந்தங்கள். எல்லோரும் "ஆகா!" என்றார்கள்.

மறு மழைக்காலத்தில் தூரத்து மலையிலிருந்து ஒரு முதிய யானை நடந்து வந்தாள். அவள் பெருந்தாயின் அக்காள்.

"என் தங்கையைப் பார்க்க வேண்டும்" என்றாள்.

தோகையார் பெருமையோடு குகைக்குள் அழைத்துப்போனார். யானை வெகுநேரம் பார்த்தாள்.

"யார் இவள்? என் தங்கைக்குத் தந்தமே கிடையாதே!"

யானை திரும்பி வெளியே வந்தாள். புதரோரம் வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

துதிக்கையை நீட்டி, பலகையில் இருந்த அந்தப் பாதங்களைத் தடவினாள். ஒவ்வொரு வெடிப்பாகத் தடவினாள். "இவ்வளவு தோண்டினாயா அம்மா!" என்று பெரிதாக அழுதாள். அந்த அழுகை கேட்டு மானும் முயலும் காட்டெருமையும் வந்து மழையில் நனைந்தபடி நின்றார்கள். தாங்கள் குடித்த தண்ணீருக்குப் பெருந்தாய் பட்ட பாடு அன்றுதான் அவர்களுக்கு உறைத்தது.

தோகையார் தலைகுனிந்து கூரானிடம் வந்தார். "பலகையை உள்ளே எடுத்து வைக்கட்டுமா?"

கூரான் யானையைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றாள் அவள். "என் தங்கை வெட்டவெளியில்தான் இறந்தாள். இங்கேயே இருக்கட்டும்."

அன்றுமுதல் குகைக்குள் போகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

நமக்காக உழைத்து மாண்டவர்கள் பட்ட பாட்டை மறைத்துவிட்டு, அவர்களுக்குப் பூமுடி சூட்டுவது மரியாதை ஆகாது.