பாய்லர் மேல் ஒரு முடி

"டீச்சர், பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா? எது ஒசத்தி?"

தணிகாசலம் இதைக் கேட்டபோது ஹெலன் டீச்சர் குட்டி எஞ்சின் ஒன்றின் சக்கரத்துக்குப் பிரஷ்ஷால் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைத் துடைத்து வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார்.

நம்ம ஆளுக்கு இது போதாதா? பிரஷ்தான் ஒசத்தி என்று தானே முடிவு கட்டிவிட்டார்.

பொன்மலையில் டீச்சர் வீட்டு மாடியில் ஒரு பெரிய மேஜை. அதன் மேல் தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் கையடக்கமாக இருக்கும். மாதிரி எஞ்சின்களுக்கு வர்ணம் பூசப் பழகுகிறவர்கள் அங்கே வருவார்கள். டீச்சர் பார்த்துச் சரி என்றால்தான் ஒருவருடைய எஞ்சின் அந்தத் தண்டவாளத்தில் ஓடும்.

தணிகாசலம் தபால் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர். கூடப் பழகியவர்களின் எஞ்சின்கள் எல்லாம் ஓடிவிட்டன. இவருடையது மட்டும் ஓடவில்லை. அந்த அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஒருநாள் பச்சை நிறத்தில் ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிரஷ் இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை, அவ்வளவு வழவழப்பு. பாய்லர் மேல் மட்டும் பிரஷ் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பிரஷ்லதான் பூசினேன் டீச்சர். முடி ஒண்ணு உதிர்ந்திருக்கு, கவனிக்கல."

டீச்சர் எஞ்சினை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் லேசாகத் தள்ளினார். முடி கையோடு வந்துவிட்டது.

"பூசும்போது உதிர்ந்த முடி பெயிண்டுல முங்கியிருக்கும் சார். இது சும்மா மேல உக்காந்திருக்கு."

மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலத்துக்குக் காது சுட்டது. அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஸ்ப்ரேதான் அடித்ததாகவும், பிரஷ் என்று நம்பவைக்க முடியைத் தானே ஒட்டியதாகவும் ஒப்புக்கொண்டார்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்ப்ரே அடித்ததில் தப்பே இல்லை, நன்றாகவே அடித்திருக்கிறீர்கள் என்றார். தனக்கு வீசிங் இருப்பதாகவும், ஸ்ப்ரே புகை ஒத்துக்கொள்ளாததால்தான் பிரஷ் பிடிப்பதாகவும் சொன்னார்.

அட, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை தில்லுமுல்லு? தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எனக்கு பிரஷ்ஷைப் பிடிச்சா கை நடுங்குது டீச்சர். அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டீச்சர் நகத்தில் ஒட்டியிருந்த முடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"முடியை எப்படி ஒட்டினீங்க?"

"இடுக்கியால எடுத்து, பெயிண்ட் முழுசாக் காயறதுக்கு முன்னாடி வச்சேன். பக்கத்துல எங்கயும் படாம, நேரா."

"அப்ப கை நடுங்குச்சா சார்?"

தணிகாசலம் நடுங்காத அந்தக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.